உம்மாவுக்குத் தாகம் இல்லை

அன்புள்ள காக்கா, என் அண்ணனே,

அஸ்ஸலாமு அலைக்கும்.

துல்ஹஜ் பிறை தென்பட்டுவிட்டது. நம் ஊர்ப் பிறையைப் பார்க்கும் உங்கள் கணக்குக்கும், ஹாஜிகள் அரஃபாத்தில் நிற்கும் நாளைப் பார்க்கும் என் கணக்குக்கும் இந்த வருடமும் ஒரு நாள் வித்தியாசம். செய்தி வந்ததும், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள் வைக்கும் அரஃபா நோன்பைவிட முதலில் உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

உம்மாவின் கடைசி அரஃபாவின் அந்தச் சாயங்காலத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாதிக்கு மேல் பேசியவர் நீங்கள்தான். ஆனால் வாசலில் நீங்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முந்தைய பத்து நிமிடம் உங்களுக்குத் தெரியாது. மூன்று வருடமாக அதை நான் சுமந்துகொண்டிருக்கிறேன். நேரில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கிடுவீர்கள். தனியாக எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் உம்மா இறந்த ஜனாஸா வீட்டில், அவர்கள் தாகத்துக்காக நோன்பை விட்டுவிட்டார்கள் என்று அத்தனை பேர் காதுபட நீங்கள் சொன்ன ஒரு வார்த்தைக்கு, அந்த அத்தனை பேர் கண்ணிலும் படுகிற இடத்தில்தான் பதில் இருக்க வேண்டும். அவர்களில் பலர் இங்கே படிக்கிறார்கள். அதனால் சில இடங்களை மேலோட்டமாகத்தான் கடப்பேன். குடும்பச் சண்டை பார்க்க வந்தவர்கள் ஏமாந்துபோகட்டும்.

அன்று எனக்குப் பெருநாள், உங்களுக்கு அரஃபா. உம்மா இரண்டு நாளும் நோன்பு. முந்தின நாள் எனக்காக வைத்தார்கள், அன்று உங்களுக்காக வைத்தார்கள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் இருவரில் ஒருவரையாவது அல்லாஹ்விடம் தவறவிடக்கூடாது என்று வைத்தார்களோ என்று இப்போது தோன்றுகிறது. கேட்கவில்லை. நாம் இருவருமே கேட்கவில்லை.

புதுச் சேலையோடு உள்ளே நுழைந்தேன். உம்மா மாலைத் தொழுகையான அஸர் தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள். தஸ்பீஹ் மணி வைத்துக்கொள்ள மாட்டார்கள், விரல் கணுக்களில்தான் எண்ணிக்கை. கட்டைவிரல் கணு கணுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. லாயிலாஹ இல்லல்லாஹு வஹ்தஹு லா ஷரீக்க லஹு. அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை, அவன் தனித்தவன், இணையில்லாதவன். நானும் எனக்கு முன் வந்த நபிமார்களும் சொன்னவற்றில் மிகச் சிறந்தது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன அதே கலிமா. அரஃபா அன்று அஸருக்குப் பிறகு உம்மா வாயிலிருந்து வேறு பேச்சு வராது. பிரார்த்தனையான துஆக்களில் சிறந்தது அரஃபா நாளின் துஆ என்பதை நாம் படித்துத் தெரிந்துகொண்டோம், உம்மா உட்கார்ந்து தெரிந்துகொண்டார்கள். நான் வந்தது தெரிந்தும் விரல் நிற்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார்கள்.

நோன்பு திறக்கும் மக்ரிபுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"உம்மா, இன்று பெருநாள். பெருநாளில் நோன்பு வைப்பது ஹராம்" என்றேன்.

கட்டைவிரல் நின்றது. மோதிரவிரலின் நடுக்கணுவில். அதுகூட நினைவிருக்கிறது, என்ன செய்வது.

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

"நேற்று வைத்தது அல்லாஹ்விடம் கபூலாகும்தானே?"

"ஆகும் உம்மா."

எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு வந்தார்கள். உட்கார்ந்தார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி மூன்று மிடறாகக் குடித்தார்கள். தாகமெடுத்தவர் குடிப்பதுபோல் இல்லை, மருந்து குடிப்பதுபோல் இருந்தது. டம்ளரில் பாதிக்கு மேல் மீதி. அதை ஒரு தட்டால் மூடிவைத்தார்கள். அப்போதுதான் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டது.

மூடிய டம்ளரைப் பார்த்தீர்கள். உம்மாவின் உதட்டில் இருந்த ஈரத்தைப் பார்த்தீர்கள். "தாகம் தாங்க முடியவில்லை வாப்பா" என்று உம்மா முந்திக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

இதுதான் காக்கா. இவ்வளவுதான். உம்மாவுக்குத் தாகம் இல்லை. நோன்பை முறிக்கவைத்தது நான். ஜனாஸா வீட்டில் "கடைசி அரஃபாவை உம்மா தாகத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்களே" என்று நீங்கள் அழுதபோதும் நான் வாய் திறக்கவில்லை. அடுத்த ரமலான் பிறையைக்கூடப் பார்க்காமல் போனவர்கள்மேல் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சென்ற வருடத்துப் பாவத்துக்கும் வரும் வருடத்துப் பாவத்துக்கும் பரிகாரம் என்று சொல்லப்பட்ட நோன்பு அது. உங்கள் அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை அத்தனை பேர் நடுவில் சொல்லியிருக்க வேண்டாம். யாரிடம் முதலில் சொன்னீர்கள் என்பதை எழுதப்போவதில்லை, அவரும் படிக்கக்கூடும்.

என்னை மன்னியுங்கள். எழுதிவிட்டேன். எழுதிய கையோடு இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. நான் சொன்னது என் மனதில் மார்க்கம்தான். இரண்டு பெருநாள்களிலும் நோன்பு வைக்கக்கூடாது என்பதில் உங்களுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஹாஜிகள் அரஃபாத் மைதானத்தில் நிற்கும் நாள்தான் அரஃபா என்று நான் நம்பினேன். அவர்கள் அடுத்த இடமான முஸ்தலிஃபாவுக்குக் கிளம்பிப் போய்விட்ட பிறகு மறுநாள் எங்கிருந்து அரஃபா வரும் என்று கேட்டேன். நீங்கள் குரைப் அவர்கள் அறிவித்த ஹதீஸை எடுத்தீர்கள். சிரியாப் பக்கத்து ஷாமில் வெள்ளி இரவே பிறை பார்த்துவிட்டு வந்த குரைபிடம், நாங்கள் மதீனாவில் சனி இரவுதான் பார்த்தோம், முப்பதை முடிக்கும்வரை அல்லது பிறையைப் பார்க்கும்வரை நோற்போம் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னார்களே, ஷாமில் ஆட்சியில் இருந்த முஆவியா (ரலி) பார்த்ததையே அவர்கள் ஏற்கவில்லையே என்றீர்கள். அது ரமலான் பிறை என்றேன் நான். பிறை எல்லா மாதத்துக்கும் பிறைதான் என்றீர்கள் நீங்கள். முஸல்லாவின் இரண்டு பக்கமும் நாம், நடுவில் உம்மா. மக்ரிப் பாங்கு சொன்னபோது நீங்கள் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தீர்கள். நோன்பு திறக்கவே உங்களுக்கு ஒரு நிமிடம் தாமதமானது.

உங்கள் அரஃபாவின் கடைசி ஒரு மணி நேரம் அப்படிப் போனது. என்னுடையது முந்தின நாளே போய்விட்டிருந்தது, இதையும் ஒப்புக்கொள்கிறேன். பகல் முழுக்க நேரலையில் அரஃபாத்தைப் பார்த்துக்கொண்டு, நாளின் சிறப்பைப் பற்றி 11 வாட்ஸ்அப் குழுக்களுக்குப் படம் அனுப்பினேன். நிதானமாக ஒரு துஆ கேட்கவில்லை. அன்றைவிட அதிகமான அடியார்களை அல்லாஹ் நரகத்திலிருந்து விடுவிக்கும் நாள் வேறில்லை என்ற ஹதீஸை மட்டும் நான்கு தடவை அனுப்பியிருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் என்னையும் சேர் என்று ஒரு தடவை கேட்டேனா என்றால், இல்லை.

இப்னு உஸைமீன் சவூதி அறிஞர்தான். அவரே, அவரவர் நாட்டுப் பிறைப்படிதான் அரஃபா நோன்பு என்று சொல்லியிருப்பதை உம்மா போன பிறகுதான் படித்தேன். அதற்காக என் கருத்து மாறிவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அன்று சொன்ன "நிச்சயமாக" மட்டும் தொண்டையில் நிற்கிறது. அறிஞர்களிடையே இரண்டு கருத்து இருக்கும் விஷயத்தில், நம்பிக் கேட்ட தாயிடம் அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக்கூடாது.

ஆனால் காக்கா, நீங்களும் உம்மாவிடம் "ஒரு மணி நேரம் பொறுக்க முடியவில்லையா?" என்று கேட்டிருக்கக்கூடாது. உண்மையிலேயே தாகமாக இருந்திருந்தால்தான் என்ன? கடமையல்லாத நஃபில் நோன்பு வைப்பவர் தனக்குத் தானே தலைவர், விரும்பினால் தொடரலாம், விரும்பினால் விடலாம் என்பது உங்களுக்குத் தெரியாததா? எனக்கு ஹதீஸ் சொல்லத் தெரிந்த உங்களுக்கு அந்த இடத்தில் மட்டும் ஏன் எதுவும் நினைவுக்கு வரவில்லை? அந்தக் கேள்வியைக் கேட்டு உம்மா சிரித்தார்கள். உங்களுக்கு அதுவும் நினைவிருக்காது.

அரஃபாவைப் பற்றிய சச்சரவு நம் வீட்டில் தொடங்கியதல்ல. நபி (ஸல்) அவர்கள் அரஃபாத்தில் நின்ற அன்று, அவர்கள் நோன்பா இல்லையா என்று நபித்தோழியர் உம்முல் ஃபழ்ல் (ரலி) அவர்களுக்கு அருகிலேயே சிலர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா வாதத்தில் சேரவில்லை. ஒரு கோப்பைப் பாலை அனுப்பிவைத்தார்கள். ஒட்டகத்தின் மேல் இருந்தபடியே நபியவர்கள் வாங்கிக் குடித்தார்கள். பேச்சு முடிந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தட்டு மூடிய டம்ளர்தான் கண்ணில் வருகிறது. உம்மாவும் வாதத்தில் சேரவில்லை. நமக்குத்தான் முடிக்கத் தெரியவில்லை.

நம் வீட்டில் அன்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நீங்களும் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னீர்கள், நானும் சொன்னேன். எனக்குப் பெருநாள் தக்பீர், உங்களுக்கு அரஃபா அதிகாலை ஃபஜ்ரில் தொடங்கிய தக்பீர். வார்த்தை ஒன்றுதான்.

போன வருடம் அரஃபா அன்று எனக்கு நோன்பு இல்லாத நாள். காரணம் மதினிக்குப் புரியும். தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. இந்த நாள் எனக்கு இல்லை என்று காலையிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தேன். இறைநினைவான திக்ருக்கும் துஆவுக்கும் தடை இல்லை என்பது தெரிந்ததுதான், மனம்தான் ஒப்பவில்லை. சாயங்காலம் போனை அணைத்துவிட்டு, உம்மா மாதிரி விரல் கணுவில் எண்ண ஆரம்பித்தேன். மோதிரவிரலில் வந்து நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் உங்களுக்காகத்தான். உங்கள் முழங்கால் வலிக்காகக்கூடக் கேட்டேன். எத்தனை வருட அரஃபாவில் எவ்வளவோ படித்து, பட்டியல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒரு நாள்தான் வீணாகவில்லை என்று தோன்றுகிறது.

திங்களும் வியாழனும் நம் செயல்களான அமல்கள் அல்லாஹ்விடம் எடுத்துக்காட்டப்படும்போது, பகை வைத்திருக்கும் இருவரை மட்டும் "இவர்கள் சமாதானமாகும் வரை விட்டுவையுங்கள்" என்று சொல்லப்படுமாம். நாம் பேசாமல் இல்லைதான். பார்த்தால் சலாம் சொல்கிறோம். முதலில் சொல்பவர்தான் சிறந்தவர் என்பதால் எப்போதும் நீங்களே முந்திச் சொல்லி, அதிலும் என்னை ஜெயித்துவிடுகிறீர்கள். அதற்குப் பெயர் சமாதானமா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வருடம் என் அரஃபாவுக்கு இன்ஷா அல்லாஹ் நோன்பு வைப்பேன். மறுநாள் எனக்குப் பெருநாள், உங்களுக்கு நோன்பு. அஸருக்குப் பிறகு பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் கொடுத்தவருக்கும் அதே கூலி உண்டு, அதனால் இதில் என் சுயநலமும் இருக்கிறது. மக்ரிப் வரை நான் எதுவும் பேசமாட்டேன், நீங்களும் பேச வேண்டாம். உம்மாவுக்காகக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வந்த பிறகு, குரைப் ஹதீஸை விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இன்னும் இரண்டு ஆதாரம் பாக்கி இருக்கிறது.

உங்கள் தங்கை