ராணிக்கு ஜோடி தேடும் முன்

பெரம்பூர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து, மறுபடியும் கோவிலுக்கு நடந்தே போய் வருகிறார் என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே நாங்கள் நலம்.

உங்கள் ராஜபாளையம் நாய் ராணியைப் பற்றி நீங்கள் கேட்டதற்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அவளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது என்றும், அடுத்து ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வரும்போது அவளை வாங்கிய அதே கென்னலில் (நாய்ப் பண்ணையில்) உள்ள ஆண் நாயோடு கிராஸ் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள் என்றும், கோவில்பட்டியில் நாலைந்து பேர் இப்போதே குட்டிக்கு முன்பணம் தரக் காத்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். ராணிக்கும் அந்த ஆண் நாய்க்கும் தகப்பன் ஒன்றுதான், அதனால் ரத்தம் சுத்தமாக இருக்கும் என்று அவர்கள் சொன்னதையும் சேர்த்திருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும்தான் எனக்குக் கவலை வந்தது.

ஒரே தகப்பனுக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்த இரண்டைச் சேர்த்தால், பிறக்கும் குட்டியின் மரபணு ஜோடிகளில் சராசரியாக 12.5 விழுக்காடு, அந்தத் தகப்பன் வழியாக இரண்டு பக்கமும் வந்த ஒரே நகலாக இருக்கும். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் கல்யாணம் செய்தால் பிறக்கும் பிள்ளைக்கும் இதே கணக்குத்தான். அதில் உள்ள ஆபத்தை டாக்டர்கள் எத்தனை காலமாகச் சொல்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். கூடப்பிறந்தவற்றைச் சேர்த்தாலோ, தகப்பனை மகளோடு சேர்த்தாலோ அது 25 விழுக்காடு ஆகிவிடும். நல்ல உடற்கட்டு நிலைக்க வேண்டும் என்றுதான் பலரும் இப்படிச் செய்கிறார்கள், ஆனால் கண்ணுக்குத் தெரியாத குறையும் அதே வழியில்தான் நிலைபெறுகிறது. குறையை ஒற்றை நகலாகச் சுமக்கும் நாய் பார்வைக்கு முழு ஆரோக்கியமாக இருக்கும். அப்படிச் சுமக்கும் இரண்டு சேர்ந்தால் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. லாப்ரடார்களுக்கு வரும், விழித்திரை மெல்ல மெல்லத் தேய்ந்து பார்வை போகும் நோய் இந்த வகையைச் சேர்ந்தது. அது வெளியே தெரிவதற்குள் அந்த நாய் ஓரிரண்டு ஈத்து குட்டி போட்டிருக்கும்.

நம் ராஜபாளையத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அந்த இனத்தின் அழகு. 2005-ல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய நாய் இனங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த வெள்ளையோடு சேர்ந்தே காது கேளாமையும் வருகிறது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்காதிலும் இருந்தாக வேண்டும்; அங்கே அவை இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களுக்குள் கேட்கும் செல்கள் அழிந்துவிடுகின்றன. டால்மேஷன் நாய்களிலும் இதேதான் நடக்கிறது.

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் இதை நேரில் பார்த்தேன். தாயின் மடியில் குட்டிகள் குவியலாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அடுக்களையிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்று தரையில் விழுந்து சுழன்றது. எல்லாக் குட்டிகளும் துள்ளி எழுந்து சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பின. ஒன்று மட்டும் முன்னங்காலைத் தாயின் வயிற்றில் வைத்தபடி அசையாமல் தூங்கியது. குட்டி பார்க்க வந்திருந்த குடும்பத்துக்கு அதைத்தான் பிடித்தது, "அமைதியான குட்டி" என்று. வீட்டுக்காரர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குட்டி ஆட்டோவும் பைக்கும் உரசிக்கொண்டு போகும் சந்தில் வளரும். தூங்கும்போது குழந்தை தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். பிறகு கெட்ட நாய் என்று பெயர் வாங்கும். அதை நினைத்தால் இப்போதும் மனம் பொறுக்கவில்லை. ஒரு காது மட்டும் கேளாத குட்டியைத் தட்டைப் போட்டும் கைதட்டியும் கண்டுபிடிக்கவே முடியாது. மூளை அலையை அளக்கும் சோதனை வேண்டும். அதனால்தான் பெற்றோர் இரண்டின் முந்தைய ஈத்துகளை விசாரிப்பது அவ்வளவு முக்கியம்.

சட்டம் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, குட்டி விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்; பெண் நாய்க்குப் பதினெட்டு மாதம் நிரம்ப வேண்டும்; பன்னிரண்டு மாதத்துக்கு ஓர் ஈத்து, வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது; எட்டு வயதுக்குப் பிறகு கூடவே கூடாது; எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ராணியின் வயது சரிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் மிக அதிகமாக மீறப்படுவது அந்தக் கடைசி விதி. ஞாயிற்றுக்கிழமைகளில் பிராட்வே பக்கம் நடைபாதையில் குட்டிகளைக் கூடையில் வைத்து விற்றதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். முப்பது நாள் குட்டி பொம்மை மாதிரி இருக்கும், உடனே விலை போகும், விற்பவருக்குத் தீனிச் செலவும் மிச்சம். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கூடப்பிறந்தவற்றோடு விளையாடித்தான் கற்றுக்கொள்ளும். அந்தப் பாடம் பாதியில் நின்றுவிடுகிறது. தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குறைந்துவரும் நேரத்தில், முதல் தடுப்பூசிகூடப் போடாமல் அட்டைப் பெட்டியில் பயணம் செய்து புது வீடு போய்ச் சேர்ந்த குட்டி, ஒரு வாரத்துக்குள் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து ரத்தபேதியில் கிடக்கிறது.

பேப்பர் உள்ள குட்டி என்று விலை கூட்டிச் சொல்வார்கள். கென்னல் கிளப் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும். இடுப்பு மூட்டு எப்படி, காது எப்படி என்பதையெல்லாம் சொல்லாது. அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். சேர்க்கும் முன் இரண்டு நாய்களுக்கும் புருசெல்லா ரத்தப் பரிசோதனை அவசியம். அது கரு கலைய வைக்கும் தொற்று, மனிதருக்கும் பரவக்கூடியது. இங்கே எங்களுக்கு 1903-லிருந்து இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருப்பது பெரிய துணை.

மாதவரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் சிப்பிப்பாறை நாய்கள் வளர்க்கிறார். அவர் முன்பணம் வாங்குவதே இல்லை. குட்டி கேட்டு வருபவரின் வீட்டுக்கு முதலில் தானே போய்ப் பார்க்கிறார். ஓட இடம் உண்டா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்கிறார். கொடுத்த குட்டிகள் ஒவ்வொன்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். வாங்கியவருக்கு வெளியூர் மாற்றல் வந்தபோது, வளர்ந்த நாயைத் தானே போய்த் திரும்ப அழைத்து வந்தார். இவரைப் போன்றவர்கள்தான் இனத்தைக் காப்பாற்றுகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வியாசர்பாடியில் தகரக் கூரையின் கீழே சைபீரியன் ஹஸ்கியைக் கட்டி வைத்திருப்பதைப் பார்க்கும்போது, அதை விற்றவர் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. நாய் பெரும்பாலும் மூச்சு இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்க முடியும்; பனிக்கு ஏற்ற அந்த ரோமத்தோடு மே மாதத்தில் அது படும் பாட்டை வார்த்தையில் சொல்ல முடியாது.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். இப்போது யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள். அந்த ஆண் நாயை விட்டுவிட்டு, மூன்று தலைமுறையாவது உறவில்லாத, இரண்டு காதும் கேட்கிறது என்று சோதித்து அறிந்த ஒன்றைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு ஹீட் தள்ளிப் போகட்டும், ராணிக்கு அதனால் எந்தக் குறையும் வராது. காத்திருக்கும் அந்த நாலைந்து பேரில் எத்தனை பேருக்கு ராஜபாளையம் ஓடித் திரிய இடம் இருக்கிறது என்று பாருங்கள். எட்டுக் குட்டி பிறந்து, அதில் ஒன்று காது கேளாததாக இருந்தால், அதைக் குடும்பக் கட்டுப்பாடு செய்து, கைச்சாடைக்குப் பழக்கி, கடைசிவரை நீங்களே வைத்துக்கொள்ள முடியுமா என்று தங்கச்சியையும் கேளுங்கள். முடியாது என்றால் ராணி குட்டி போடாமலே நிம்மதியாக இருக்கட்டும்.

அவளுடைய வம்சாவளித் தாளை நகல் எடுத்து அனுப்புங்கள். மாதவரத்து நண்பரிடம் காட்டி, பொருத்தமான ஆண் நாய் எங்கே இருக்கிறது என்று விசாரிக்கிறேன். அந்தக் கென்னலிலும், அவர்களுடைய நாய் இதற்கு முன் தந்த ஈத்துகளில் காது கேளாத குட்டி பிறந்ததா என்று நேராகவே கேட்டு எழுதுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெரம்பூர் நண்பன்