தொட்டி வாங்கும் முன், மதிக்கு

அன்பு மகள் மதிக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். மூன்று கம்பெனி ஹாட் டப்பை (உள்ளே உட்கார்ந்து உடம்பில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொள்ளும் வெந்நீர்த் தொட்டி) எடுத்து, எதில் எத்தனை ஜெட் (தண்ணீரைப் பீய்ச்சும் துளை), எத்தனை பேர் உட்காரலாம், மோட்டார் எத்தனை எச்.பி. (குதிரைத்திறன்) என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறாய். கடைசிக் கட்டத்தில் விலை. டீலரைப் பற்றி ஒரு கட்டம்கூட இல்லை. மாப்பிள்ளையின் இடுப்புவலிக்காக வாங்குகிறீர்கள், வருஷக்கணக்கில் உழைக்க வேண்டிய பொருள். தண்ணீர் சூடாகவில்லை என்று நீ கூப்பிடும் அன்றைக்குப் போனை எடுக்கப் போவது டீலர்தான், கம்பெனி இல்லை. அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், டீலரைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்க்க வேண்டும்.

மோட்டார் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பம்ப் வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான், இதில் உன்னை யாரும் ஏமாற்றக் கூடாது. விளம்பரத்தில் 5 எச்.பி. என்று போட்டிருப்பது பெரும்பாலும் மோட்டார் ஒரு கணம் எட்டக்கூடிய உச்சம். நாள் முழுக்க ஓடும்போது தருவது அது இல்லை. மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார். அதில் 230 வோல்ட், 8 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்கு: 1,840 வாட். ஒரு எச்.பி. என்பது 746 வாட். வகுத்துப் பார்த்தால் இரண்டரைகூட வராது. அதுவும் மோட்டார் இழுக்கும் கரண்ட் கணக்குதான், தண்ணீருக்குப் போய்ச் சேருவது இன்னும் குறைவு. மூன்று தொட்டிக்கும் இந்தக் கணக்கைப் போடு, உன் பட்டியலே வேறு மாதிரி ஆகிவிடும். ஜெட் எண்ணிக்கையும் அப்படித்தான். பம்ப் ஒன்றாக இருந்து துளை மட்டும் கூடினால் ஒவ்வொரு துளையிலும் வேகம் குறையும். அடிமுதுகில் சரியாகப் படுகிற நான்கு ஜெட், சும்மா தோலைத் தடவிப் போகிற நாற்பதைவிட மேல்.

ஜக்குஸி என்ற பெயரைப் போட்டிருந்தாய். அந்தக் குடும்பம் கலிஃபோர்னியாவில் ஆழ்கிணற்றுக்கு ஜெட் பம்ப் செய்தவர்கள். கான்டிடோ ஜக்குஸி என்பவரின் பையனுக்குச் சின்ன வயதிலேயே முடக்குவாதம். ஆஸ்பத்திரியில் கொடுத்த நீர்ச் சிகிச்சையை வீட்டிலேயே கொடுக்க, குளியல் தொட்டிக்குள் இறக்கும் ஒரு சின்ன பம்பைச் செய்தார். 1956-இல் அது விற்பனைக்கு வந்தது. வலிக்காகப் பிறந்த பொருள் என்பதால்தான் நீங்கள் வாங்குவதில் எனக்கும் சந்தோஷம்.

ஆனால் பெயரை மட்டும் பார்த்து மயங்காதே. ஜக்குஸியும் சன்டான்ஸும் ஒரே குழுமம். ஹாட் ஸ்பிரிங், கால்டெரா இரண்டையும் செய்வது வாட்கின்ஸ் என்ற ஒரே கம்பெனி. இன்னும் பல கம்பெனித் தொட்டிகளைத் திறந்தால் உள்ளே இருக்கும் கன்ட்ரோல் பெட்டி பால்போவா அல்லது கெக்கோ என்ற பாகம் செய்யும் கம்பெனியுடையதாக இருக்கும். அது குறை இல்லை, நல்லதுதான். அந்தப் பாகங்கள் வெளியிலும் கிடைக்கும், வேறு மெக்கானிக்கும் தொடுவார். தங்களுக்கென்று தனியாகச் செய்த கன்ட்ரோல் போர்டு என்றால் அது போனால் அந்த டீலரைத் தவிர வழியில்லை. அப்போது அவரிடம் பாகம் இருப்பில் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிக் காட்டச் சொல். கழற்றத் தயங்குகிற கடையில் வாங்காதே. பைப் இணைப்புகளில் கிளாம்ப் இருக்கிறதா, ஒயர்கள் ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா, பம்பைக் கழற்ற ஒரு ஆள் கை நுழையுமா என்று பார். உள்ளே முழுக்க ஃபோம் நிரப்பியிருந்தால் சூடு நன்றாக நிற்கும், பைப்பும் ஆடாது. ஆனால் கசிவு வந்தால் ஃபோமைத் தோண்டித்தான் தேட வேண்டும். ஓரத்தில் மட்டும் காப்பு வைத்தது என்றால் பழுது பார்க்கச் சுலபம். குளிர் அதிகமான இடத்தில் இருக்கிற உங்களுக்கு முழு ஃபோம்தான் சரி என்பது என் கருத்து. கரண்ட் செலவுக்கு டீலர் வாயால் சொல்லும் கணக்கை நம்பாதே. கலிஃபோர்னியா எரிசக்தி ஆணையம், மூடி போட்டுச் சும்மா இருக்கும்போது ஒவ்வொரு மாடலும் எவ்வளவு வாட் இழுக்கிறது என்ற அளவைப் பதிவு செய்து எல்லாரும் பார்க்க வைத்திருக்கிறது. எந்த நாட்டில் இருந்தாலும் மாடல் பெயரைப் போட்டுத் தேடலாம். ஒரே அளவுள்ள தொட்டிகளை ஒப்பிடு.

கடைக்கு நீச்சல் உடையோடு போங்கள். தண்ணீர் நிரப்பிய தொட்டியில் மாப்பிள்ளை உட்கார்ந்து பார்க்காமல் வாங்க வேண்டாம். அவர் உயரம், அவர் முதுகு. ஜெட் படுகிற இடம் ஒரு சாண் தள்ளிப் போனாலும் வாங்கியதற்குப் பலன் இல்லை. ஜெட் ஓடும்போது உடம்பு மிதந்து எழும்பாமல் இருக்கையில் நிற்கிறதா என்றும் பார்க்கச் சொல். மூடியை நீ ஒருத்தியாகத் தூக்கிப் பார். தூக்கக் கஷ்டமாக இருந்தால் நாளடைவில் தொட்டியைத் திறக்கவே மாட்டீர்கள்.

இனி டீலர். கண்காட்சியில் "இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை" என்பவரிடம் முன்பணம் கொடுக்காதே. கடைக்குப் போவதற்கு முன்னால் அவர்களுடைய சர்வீஸ் நம்பருக்குப் போன் போடு. இன்றைக்குப் புகார் கொடுத்தால் ஆள் என்றைக்கு வருவார் என்று கேள். விற்பனைப் பிரிவில் இருப்பவர் சொல்வதைவிட அந்தப் பதில் உண்மையாக இருக்கும். மெக்கானிக் சொந்த ஆளா, வெளியாளா? இந்தக் கம்பெனிப் பொருளை எத்தனை வருஷமாக விற்கிறார்கள்? போன மாதம் வாங்கியவர் நம்பரைக் கொடுத்தால் போதாது, மூன்று நான்கு வருஷம் முன்பு வாங்கியவரிடம் பேசு. புதுத் தொட்டி எல்லாருக்கும் நன்றாகத்தான் ஓடும்.

வாரண்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வருஷம் பெரும்பாலும் தண்ணீர் நிற்கும் தொட்டி ஓட்டுக்குத்தான். பம்ப், ஹீட்டர், போர்டு, பைப் ஒவ்வொன்றுக்கும் எத்தனை வருஷம், கூலி சேர்ந்ததா, ஆள் வந்து போகும் செலவு யாருடையது, டீலர் கடையை மூடிவிட்டால் யார் வருவார், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கு.

வைக்கும் இடம் முக்கியம். 1,500 லிட்டர் தண்ணீரே ஒன்றரை டன். தொட்டியும் ஆட்களும் சேர்ந்தால் இரண்டு டன்னைத் தாண்டும். பலகைத் தளத்தில் வைப்பதாக இருந்தால் இன்ஜினியர் பார்க்காமல் வேண்டாம். தனி லைன், கசிவு மின்சாரத்தை உடனே துண்டிக்கும் பிரேக்கர், கிரேன் வாடகை இதெல்லாம் விலையில் சேர்ந்ததா என்று கேள்.

"எங்கள் தொட்டிக்கு குளோரினே தேவையில்லை" என்று சொல்கிறவரை நம்பாதே. ஓசோன், யு.வி. (புற ஊதா ஒளி) எல்லாம் துணைக்குத்தான். சூடான தண்ணீரில் கிருமி கொல்லும் மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடும், லீஜியோனெல்லா போன்ற கிருமிக்கு அந்தச் சூடு தோது. குளோரின் போட்டால் 3 பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் மூன்று பங்கு), அதற்குப் பதில் புரோமின் போட்டால் 4 பிபிஎம்முக்கும் குறையக் கூடாது, பி.எச். (தண்ணீரின் அமில-காரத் தன்மை) 7.0 முதல் 7.8 வரை. தண்ணீரைச் சோதிக்கக் கற்றுக்கொடுக்கும் டீலராகப் பார்.

சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையை அதில் இறக்கவே கூடாது, நம் குட்டி இப்போதுதான் நடை பழகுகிறது. பூட்டுள்ள மூடி, ஏஎஸ்டிஎம் எஃப்1346 (பாதுகாப்பு மூடிகளுக்கான தரம்) என்று பில்லிலேயே எழுதச் சொல். விலையில் வேறு எதையாவது குறைத்துக்கொள், இதைக் குறைக்காதே.

ஒவ்வொரு டீலரின் வாரண்டித் தாளையும் படம் எடுத்து அனுப்பு, மோட்டார் தகட்டையும் சேர்த்து. கையெழுத்துப் போடும் முன் நானும் ஒரு தடவை படித்துவிடுகிறேன். இப்போதைக்குக் கனம் தூக்க வேண்டாம் என்று நான் சொன்னதாக மாப்பிள்ளையிடம் சொல்.

அன்புடன்,
அப்பா