ஐராவதி ஓங்கில்களை எண்ணுவோர் ஆற்றையும் அளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மியான்மரின் ஐராவதி ஆற்றில் எஞ்சியிருக்கும் ஓங்கில்களை (டால்பின்களை)ப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த குறிப்பைப் படித்தேன். எத்தனை ஓங்கில்கள் தென்பட்டன என்பதோடு முடிந்துவிட்ட அக்குறிப்பில், அவை வாழும் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது மனத்தை உறுத்தியது. தலைமுறைகளாக மாண்டலேயில் இந்த ஆற்றை நம்பி வாழும் தமிழர்களில் ஒருவன் என்ற உரிமையோடு இதை எழுதுகிறேன்.

கடலோரத்திலும் ஆற்றிலும் வாழக்கூடிய இனம் இது. ஒடிசாவின் சிலிகா ஏரியிலும் மீகாங் ஆற்றிலும்கூட இதைக் காணலாம். ஆயினும் நம் ஆற்றிலுள்ள கூட்டம் நன்னீரிலேயே பிறந்து நன்னீரிலேயே மடிவது. ஒரு காலத்தில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் புரோம் (இன்றைய பியே) நகர் வரை காணப்பட்ட அது, இன்று பெரும்பாலும் மாண்டலேக்கு வடக்கே ஒதுங்கிவிட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2004-இலேயே இதை அழிவின் விளிம்பிலுள்ள கூட்டமாக அறிவித்தது. மறு ஆண்டு டிசம்பரில், மிங்குனுக்கும் பெரிய மண்ஜாடிகளுக்குப் பேர்போன சவுக்மியாங்குக்கும் இடைப்பட்ட 74 கிலோமீட்டர் நீளம் பாதுகாக்கப்பட்ட பகுதியாயிற்று.

கணக்கெடுப்பு நடக்கும் விதத்தை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. மழைக்காலத்தில் ஆறு கரை தெரியாமல் பரந்துவிடுவதால், நீர் வற்றி ஆழமான மடுக்களில் ஓங்கில்கள் ஒதுங்கும் குளிர்காலத்திலேயே படகுகள் புறப்படுகின்றன. இந்த ஓங்கிலுக்கு நீண்ட மூக்கு கிடையாது. உருண்டையான நெற்றியும் முதுகில் சிறிய மழுங்கிய துடுப்பும்தான் அடையாளம். அவை தண்ணீருக்கு மேலே தெரிவதும் ஓரிரு நொடிகளே. ஆகையால், ஒரு கூட்டத்தைக் கண்டவுடன் குறைந்தது இத்தனை, கூடுதலாகப் போனால் இத்தனை, சரியாக இருக்கக்கூடியது இத்தனை என்று மூன்று எண்களை எழுதிக்கொள்வதே இத்துறையில் பழகியோரின் வழக்கம். முதுகுத் துடுப்பின் வெட்டுகளையும் தழும்புகளையும் படம் பிடித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காணும் முறையும் உண்டு. இவ்வளவு கவனத்தோடு எடுக்கப்பட்ட கணக்கிலிருந்து ஒற்றை எண்ணை மட்டும் பிய்த்துப் போட்டால், சென்ற முறையைவிட இரண்டு கூடியது, மூன்று குறைந்தது என்று வீணாக மகிழவோ கலங்கவோதான் அது உதவும்.

சவுக்மியாங் பக்கத்து மீனவர்களின் அறிவு எந்தப் படிவத்தில் ஏறுகிறது என்பதே என் அடுத்த கேள்வி. அவர்கள் சிறு மரக்கோலால் படகின் விளிம்பைத் தட்டி, தொண்டைக்குள்ளிருந்து ஒருவிதக் குரல் எழுப்பி ஓங்கில்களை அழைப்பார்கள். வந்த ஓங்கில்கள் மீன்களை வளைத்துப் படகை நோக்கி ஒதுக்கிவிட்டு வாலை உயர்த்திக் காட்டும். அந்தக் கணத்தில் வீச்சுவலை விழும். சிதறும் மீன் ஓங்கில்களுக்கு, வலையில் சிக்கியது மனிதருக்கு. இந்த ஆற்றில் பயணம் செய்த விலங்கியல் அறிஞர் ஜான் ஆண்டர்சன் 1879-இல் எழுதியதைப் படித்தால் வியப்பாக இருக்கும்: ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் ஓங்கில் இருந்ததாம், எங்கள் ஓங்கில் ஓட்டிவந்த மீனை அடுத்தவர் வலை அள்ளிக்கொண்டது என்று பங்கு கேட்டு வழக்கே தொடுத்தார்களாம்.

அந்த உறவைக் குலைத்தது மின்சார மீன்பிடி. மின்கலத்திலிருந்து தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சும் படகுகள் சட்டவிரோதமானவை, இருந்தும் ஓயவில்லை. அவற்றுக்கு அஞ்சிப் பழகிய ஓங்கில்கள் மீனவர் அழைத்தாலும் நெருங்கத் தயங்குகின்றன. எண்ண வரும் படகைக் கண்டும் அவை விலகுமானால் கணக்கே பிசகிவிடும். மின்சாரம் பாய்ச்சுவோரின் நடமாட்டத்தைக் கணக்கெடுப்போடு சேர்த்தே பதிய வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான். மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் செவுள் வலை 300 அடிக்கு மேல் நீளக்கூடாது, இரண்டு வலைகளுக்கிடையே 600 அடியாவது இடைவெளி வேண்டும் என்று பாதுகாப்புப் பகுதிக்கு விதி வகுத்தார்கள். படகில் போகிறவர்கள் வழியில் காணும் வலைகளையும் குறித்துவந்தால், விதி ஏட்டில் இருக்கிறதா ஆற்றில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மடுக்களின் ஆழம், மேல்பகுதியில் பொன் அரிப்போர் கலக்கிவிடும் வண்டல், அவர்கள் பயன்படுத்தும் பாதரசம், கரையொதுங்கும் உடல்கள் ஆகிய அனைத்தும் அதே ஏட்டில் ஏற வேண்டியவை.

எண்ணுவதோடு நில்லாமல் ஆற்றையும் கவனிக்க வேண்டும் என்பதற்குச் சீனத்து யாங்சி ஆறு சான்று. 2006-இல் ஆறு வாரம் தேடியும் அங்கிருந்த பைஜி ஓங்கில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அதே ஆற்றில் வாழும், ஓங்கிலின் உறவினமான முதுகுத் துடுப்பற்ற கடற்பன்றி 2017-இல் 1,012 என்று கணக்கிடப்பட்டது. 2021 தொடக்கத்தில் பத்தாண்டு மீன்பிடித் தடை நடைமுறைக்கு வந்தது. 2022 கணக்கெடுப்பில் 1,249 ஆயிற்று. தடை ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், எண்ணிய கையோடு ஆற்றில் எதையாவது மாற்றவும் அவர்கள் துணிந்தார்கள். நம் மீனவருக்கு வயிற்றுப்பாடு இந்த ஆறுதான் என்பதால் முழுத் தடையை இங்கே யாரும் கேட்க முடியாது, நானும் கேட்கவில்லை. இருக்கிற விதிகளை நடைமுறைப்படுத்தினாலே போதும்.

சகாயிங் வட்டாரத்தில் சில ஆண்டுகளாக நிலவும் போர்ச் சூழலில் ஆராய்ச்சியாளர்கள் நினைத்தபோதெல்லாம் படகேற முடியாது என்பதை அறிவேன். அத்தகைய ஆண்டுகளில் கரையோர மீனவர் சொல்வதே நமக்குக் கிடைக்கும் ஒரே பதிவு. அதைக் கேட்டு எழுதி வைக்க ஊருக்கு ஒருவர் இருந்தால் நலம்.

அடுத்த கணக்கெடுப்பு விவரம் வெளிவரும்போது மூன்று எண்களையும், எடுக்கப்பட்ட மாதத்தையும், படகு சென்ற பகுதியையும், அவ்வாண்டு இறந்த ஓங்கில்களின் எண்ணிக்கையையும் ஒன்றாகத் தமிழில் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மாண்டலே