கல்யாணத்துல நின்னு போன பேட்டரி ஸ்பீக்கர், அஞ்சாவது கம்ப்ளைன்ட்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம் சார். இதுக்கு முன்னாடி நாலு கம்ப்ளைன்ட் போட்டாச்சு. நாலுக்கும் நம்பர் வந்துச்சு, நாலும் ரெண்டு மூணு நாள்ல "உங்கள் பிரச்சனை தீர்க்கப்பட்டது"ன்னு எஸ்எம்எஸ் வந்து தானா மூடிக்கிச்சு. ஒருத்தரும் வரல, ஒருத்தரும் தொட்டுப் பாக்கல. அந்த ஸ்பீக்கர் பாக்ஸ் இன்னும் எங்க வீட்டு ஹால்ல ஒரு மூலைல கெடக்குது. ஃபோன்ல பேசிப் பேசி வாய் வலிச்சுப் போய்த்தான் எழுதறேன், தயவு பண்ணி முழுசா படிச்சுட்டு பதில் போடுங்க.

நான் கோத்தகிரி. கல்யாணம், சீர், காதுகுத்து, பர்த்டேக்கெல்லாம் மொபைல் டிஜே பண்றேன், ஒம்பது வருஷமா இதுதான் சோறு போடுது. உங்க 15 இஞ்ச் பேட்டரி மாடல் ரெண்டு, போன கார்த்திகைல 72,000 ரூபா குடுத்து வாங்கினேன். அதுல 40,000 எங்க வீட்ல அவங்க மகளிர் குழுவுல எடுத்துக் குடுத்த லோன். மாடல் நம்பர், சீரியல் நம்பர், பில்லு எல்லாம் நாலு தடவை அனுப்பியாச்சு, உங்க சிஸ்டத்துல இருக்கும், பாத்துக்குங்க.

அதுல ஒன்னு கல்யாணத்துல பாதில நின்னு போச்சு, அது எப்படின்னு அப்புறம் சொல்றேன். முதல்ல அதை ரிப்பேருக்குக் கொண்டு போன கோயம்புத்தூர் விஷயத்தை சொல்லிடறேன், ஏன்னா அதை நெனச்சா இன்னைக்கும் தூக்கம் வரல. காந்திபுரம் பக்கம் இருக்கற உங்க சர்வீஸ் செண்டருக்கு நான் மூணு தடவை போனேன். என் ஆம்னி வேன் எஃப்சிக்கு நின்னுட்டதால பஸ்ல. பாக்ஸ் ஒன்னே இருபது கிலோவுக்கு மேல, லக்கேஜ் டிக்கெட் போட்டு கடைசி சீட்டுக்குப் பக்கத்துல வெச்சு, குஞ்சப்பனை வழியா மேட்டுப்பாளையம் இறங்கற வரைக்கும் ஒவ்வொரு வளைவுலயும் அது உருளாம முட்டி குடுத்துப் புடிச்சுட்டே போனேன், அப்புறம் அங்க இருந்து வேற பஸ். மொதல் தடவை "டெக்னீசியன் லீவு". சார், முந்தின நாள் ஃபோன் பண்ணி கேட்டுட்டுத்தான் கெளம்புனேன், வாங்கன்னு சொன்னதும் உங்க ஆளுதான். ரெண்டாவது தடவை வாங்கி வெச்சாங்க, ஃபோட்டோ எடுத்தாங்க, ஹெட் ஆபீஸ் அப்ரூவல் வரணும்னாங்க. பதினெட்டு நாள் கழிச்சு மூணாவது தடவை போனா அதே பாக்ஸை, நான் ஒட்டுன செல்லோடேப்பைக் கூட பிரிக்காம அப்படியே திருப்பிக் குடுக்கறாங்க. டேப்பு கூட பிரிக்கல சார்! என்ன செக் பண்ணீங்கன்னு கேட்டதுக்கு கவுன்டர்ல இருந்த அந்தப் பையன் ஃபோன்ல இருந்து கண்ணை எடுக்காம சொல்றான், "அண்ணா, ஊட்டில டிஜே வெக்கறதுன்னா பெரிய செட் வாங்கணும், இது வீட்ல பசங்க பர்த்டேக்கு வெக்கறது, வாரண்டி கார்டு படிச்சீங்களா, படிக்கத் தெரியுமா?"

படிக்கத் தெரியுமாவாம். அங்க பத்து பேர் உக்காந்திருந்தாங்க. என் பையன் வயசு கூட இருக்காது அவனுக்கு. நான் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசல, பாக்ஸைத் தூக்கித் தோள்ல வெச்சுட்டு வெளிய வந்துட்டேன். அவன் சொன்னது உங்க கம்பெனி பேச்சா, இல்ல அவனா சொன்னதா? அதுக்கு மட்டும் எனக்கு எழுத்துல பதில் வேணும்.

ஏன்னா உங்க டப்பா மேல என்ன படம் போட்டிருக்கீங்க? நடுவுல பாக்ஸ், சுத்தி முப்பது பேர் வெட்டவெளில ஆடறாங்க. பக்கத்துலயே டிஜே, பார்ட்டி, அவுட்டோர்னு எழுதியிருக்கு. வெளிய இத்தனை எழுதிப்போட்டு உள்ள வாரண்டி கார்டுல எறும்பு சைஸ் இங்கிலீஷ்ல வியாபார உபயோகத்துக்கு வாரண்டி கிடையாதுன்னு போடறது என்ன நியாயம்ங்க.

நான் ஒன்னும் தெரியாம வாங்கல. மூணு மாசம் பாத்துத்தான் வாங்கினேன். எங்க ஊர்ல கல்யாணம் மண்டபத்துல மட்டும் நடக்காது, ஹட்டியில, அதாவது படுகர் கிராமத்துல, வீட்டு முன்னாடி நடக்கும், வண்டி நிக்கற எடத்துல இருந்து டீ தோட்டத்து வழியா அறுபது எழுபது படி ஏறணும். பழைய செட்டுல ரெண்டு டாப், பேஸ் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர், ஸ்டெபிலைசர்னு தூக்கறதுக்கே மூணு பசங்க வேணும், ராத்திரி எல்லா வீட்லயும் கெய்சர் ஓட ஆரம்பிச்சா வோல்டேஜ் 170க்கு இறங்கி ஆம்ப் திணறும். அதுக்காகத்தான் பேட்டரி பாக்ஸ். 12 இஞ்ச் வெயிட்டு கம்மிதான், ஆனா வெட்டவெளில செவுரு இல்ல, பேஸ் திரும்பி வராது, தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் இறங்கிடும், அதனால முதுகு வலிச்சாலும் பரவால்லன்னு 15 எடுத்தேன். டப்பாவுல பெருசா போட்டிருக்கற வாட்ஸ் பீக்கு, ஒரு நொடி மட்டும் வர்ற உச்சம்னு தெரியும், தொடர்ந்து ஓடற ஆர்எம்எஸ் எவ்வளவுன்னு கேட்டுத்தான் எடுத்தேன். ப்ளூடூத்ல சத்தம் கொஞ்சம் லேட்டா வரும், அதை நம்பி மிக்ஸ் பண்ண முடியாது, அதனால மிக்ஸர் ஒயர் சொருகற எக்ஸ்எல்ஆர் இன்புட்டும், ஒரு பாக்ஸ்ல இருந்து இன்னொன்னுக்கு ஒயர் போடற அவுட்டும் இருக்கான்னு பாத்தேன். பேட்டரியைக் கழட்டி மாத்தலாமான்னு உங்க சேல்ஸ் நம்பர்லயே கேட்டேன், மாத்தலாம் சார்னு சொன்னாங்க. வீட்டுக்கு வந்து பாத்தா ஸ்க்ரூ மேல சீல், பிரிச்சா வாரண்டி போயிடும்னு ஸ்டிக்கர். அப்பவே எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுச்சு.

டப்பாவுல 12 மணி நேரம்னு இருக்கு. நான் 12 மணி நேரம் கேக்கல சார். ராத்திரி பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, நாங்க ஆறரைக்கு ஆரம்பிச்சா பத்துக்கு நிறுத்திடுவோம். மூணரை மணி நேரம் ஓடுனா போதும். அது கூட ஓடலன்னா என்ன பண்றது.

தை மாசம் கடைசி வாரம், கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி, படுகர் வீட்டுக் கல்யாணம். நூத்தம்பது பேருக்கு மேல, பெரியவங்க எல்லாம் வெள்ளைல, நடுவுல எடம் விட்டு வட்டமா ஆடிட்டு இருக்காங்க. அந்த ஆட்டத்துல எல்லாரும் ஒரே அடி எடுத்து வெக்கணும், பாட்டு நின்னா கால் நின்னுடும். நாலாவது பாட்டு ஓடிட்டு இருக்கும்போது இடது பக்க பாக்ஸ்ல திடீர்னு பாட்டு கட்டாகி, உள்ள பதிஞ்சு வெச்சிருக்கற பொம்பளை குரல் இங்கிலீஷ்ல "பேட்டரி லோ"ன்னு ஃபுல் வால்யூம்ல கத்துது. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. திரும்ப ஆன் பண்ணேன், ஒரு பாட்டு ஓடுச்சு, திரும்பவும் அதே குரல். மூணு தடவை. அந்த பாக்ஸ்ல இருந்துதான் வலது பாக்ஸுக்கு ஒயர் போகுது, இது செத்தா அதுவும் ஊமை. பதறிப்போய் மிக்ஸர் ஒயரை மாத்தி சொருகறேன், கை நடுங்குது, பக்கத்து வீட்டு ப்ளக்ல இருந்து கரண்ட் எடுத்துக் குடுத்தேன், லைட்டு எரியுது, சத்தம் ஏத்துனா பத்து நிமிஷத்துல அணையுது. அதுக்குள்ள வட்டம் கலைஞ்சு போச்சு. மாப்பிள்ளையோட சித்தப்பா ஒரு வார்த்தை திட்டல சார், போய் அவரு ஜீப்பைக் கொண்டாந்து முத்தத்துல நிறுத்தி ரெண்டு கதவையும் திறந்து விட்டு ஜீப் செட்ல பாட்டு போட்டாரு. அவரு திட்டியிருந்தா கூட எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது. 14,000 பேசுன எடத்துல நானே 4,000 போதும்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன்.

உங்க ஹெல்ப்லைன்ல ரெண்டாவதா பேசுன மேடம் நல்லா மரியாதையாத்தான் பேசுனாங்க, அதையும் சொல்லணும். ஆனா அவங்களும் "குளிர் பிரதேசம் சார், பேட்டரி அப்படித்தான் இருக்கும்"னாங்க. குளிர்ல லித்தியம் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்னு எனக்கும் தெரியும், அதுக்குத்தான் கம்பளி போத்தி வண்டில கொண்டு போறேன். அன்னைக்கு ஒம்பது டிகிரி இருக்கும். உங்க புக்குலயே 0 டிகிரியில இருந்து 40 டிகிரி வரைக்கும்னு போட்டிருக்கு. சரி, குளிருதான் காரணம்னா ரெண்டு பாக்ஸும்தானே நின்னிருக்கணும்? ஒரே நாள்ல வாங்குனது, ஒரே மாதிரி சார்ஜ் போட்டது, ஒரே சத்தம், ஒரே குளிரு. வலது பாக்ஸ், ஒயரை மாத்திக் குடுத்தப்புறம், வீட்டுக்கு வந்தும் ரெண்டு மணி நேரம் ஓடுச்சு. இடதை மறுநாள் மத்தியானம் சமையக்கட்டுல அடுப்புக்குப் பக்கத்துல வெச்சு ஓட்டிப் பாத்தேன், 55 நிமிஷம், அவ்வளவுதான். வீடியோ எடுத்திருக்கேன், செவுத்துக் கடிகாரம் தெரியற மாதிரி. அந்த ஒரு பாக்ஸ்ல பேட்டரியோ அதோட போர்டோ கோளாறுன்னு கண்ணு தெரியாதவன் கூட சொல்லிடுவான். உங்க ப்ராடக்ட் பத்தி உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப் போறேன்?

இதுக்கப்புறம் மாசி முகூர்த்தம் முழுக்கப் போச்சு. ஒம்பது ஆர்டர். ஹட்டிக்கு ஹட்டி சொந்தக்காரங்க, ஒரு கல்யாணத்துல நடந்தது மறுநாள் காட்டபெட்டு வரைக்கும் தெரிஞ்சுடும். குறைஞ்சது ரெண்டு லட்சம் நஷ்டம், பேரு கெட்டதை சேத்தா அஞ்சு லட்சம் சொன்னாலும் தகும். ஒம்பது வருஷம் சம்பாதிச்ச பேரு ஒரு ராத்திரில போயிடுச்சுங்க, அதை எந்த செண்டர்ல குடுத்து ரிப்பேர் பண்றது.

நான் சண்டைக்காரன் கிடையாது. பாக்ஸோட சத்தத்துல எனக்கு ஒரு குறையும் இல்ல, அந்த வலது பாக்ஸை இப்பவும் பாத்துப் பாத்து வெச்சிருக்கேன். அந்த இடது பாக்ஸை மாத்தி புதுசு குடுங்க, இல்ல அதோட பணம் 36,000 திருப்பிக் குடுங்க. மூணு தடவை போய்ட்டு வந்த செலவும் குடுக்கணும். நான் இனிமே கோயம்புத்தூர் வர மாட்டேன், உங்க ஆளு கோத்தகிரி வந்து எடுத்துட்டுப் போகட்டும்.

இல்லன்னா நானும் சும்மா இருக்கப் போறதில்ல. வியாபாரத்துக்கு வாங்குனவன் நுகர்வோர் இல்லன்னு உங்க பையன் எனக்கு சட்டம் சொன்னான். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல கூப்பிட்டு விசாரிச்சேன், 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துலயே இருக்கு, சுயதொழில் பண்ணிப் பொழைக்கறவன் தன் பொழப்புக்குன்னு வாங்கித் தானே உபயோகிச்சா அவனும் நுகர்வோர்தான். நான் குடியிருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், அஞ்சு லட்சம் வரைக்குமான பொருளுக்கு ஃபீஸும் கிடையாது. ஊட்டி கோர்ட்டுக்குப் போக எனக்கு ஒரு டவுன் பஸ் போதும், நீங்கதான் மலை ஏறி வரணும். பில்லு, டப்பா, வீடியோ, பிரிக்காத டேப்போட ஃபோட்டோ, நாலு எஸ்எம்எஸ், எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு வெச்சிருக்கேன்.

பதினஞ்சு நாள் டைம். கோவத்துல ஏதாவது தப்பா எழுதியிருந்தா மன்னிச்சுக்குங்க, ஆனா கேட்டது ஒன்னும் தப்பில்ல. சித்திரைல மூணு கல்யாணம் கையில இருக்கு, அதுக்குள்ள எனக்கு ரெண்டு பாக்ஸும் ஓடணும். தயவு செஞ்சு இதையும் எஸ்எம்எஸ் அனுப்பி மூடிறாதீங்க.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பாக்ஸ் வாங்குன டிஜே,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்

பி.கு: ரெண்டாவது தடவை வந்தப்ப பாக்ஸோட சேத்துக் குடுத்த பவர் ஒயரைத் திருப்பித் தரல. வாங்கிட்டதா அவங்க எழுதிக் குடுத்த ரசீது இருக்கு. அதையும் சேத்து அனுப்பி வைங்க.