மூணாவது கட்டில்

கண்ணு பிரபு,

நேத்து ராத்திரி ஈரோடு வந்து சேந்துட்டம். அம்மாவுக்கு கால் வீக்கம் வடிஞ்சிருச்சு. ரெண்டு தடவ போன் பண்ணேன், நீ எடுக்கல, அதான் டைப் அடிக்கறேன். நேரத்துக்கு சாப்புடு.

கென்யா கேம்ப் பத்தி சொல்லணும்ல. 70 வயசுல இப்படி ஒரு எடம் பாப்பேன்னு நெனச்சதில்ல, உன்னால பாத்தேன். நைரோபி வில்சன் ஏர்போர்ட்ல சின்ன பிளேன் ஏறறப்பதான் கொஞ்சம் தகராறு, ஆளுக்கு 15 கிலோதானாம், பெட்டி கூடாதாம், துணிப்பைதானாம். கேரி பேக்கும் அந்த நாட்டுல 2017-லயே தடை பண்ணிட்டாங்களாமே, உங்கம்மா உனக்குன்னு சுட்ட முறுக்க மஞ்சப்பைக்கு மாத்துனா. நீயும் வர்றேன்னுதான சொல்லியிருந்த.

மசாய் மாரா சரணாலயத்த ஒட்டி அந்த ஊர்க்காரங்களே அவங்கவங்க நெலத்த ஒண்ணா சேத்து வாடகைக்கு விட்டிருக்காங்க, ஓலாரே மோட்டோரோகின்னு பேரு, 700 ஏக்கருக்கு ஒரு டென்ட்தான் போடலாம்னு கணக்கு வெச்சிருக்காங்க, வாடகை நேரா அந்தக் குடும்பங்களுக்குப் போகுதாம். நம்ம பக்கமா இருந்தா இந்நேரம் சைட் போட்டு வித்திருப்பானுங்க. கரண்ட் பூரா சோலார். டென்ட்ல ஹேர் டிரையர் போடக்கூடாதுன்னு எழுதி வெச்சிருந்தாங்க, எனக்கு அது போதாதா, பேட்டரி ரூமக் காட்டுன்னு கேட்டுப் போய் ஒரு மணி நேரம் நின்னுட்டேன். டெர்மினல் ஒண்ணுல கூட வெள்ள பூக்கல, கிரீஸ் தடவி அவ்வளவு சுத்தமா வெச்சிருந்தான் அந்தப் பையன், நம்ம ஈ.பி. ஆபீஸ்ல 32 வருஷத்துல அப்படிப் பாத்ததில்ல. குளிக்க கேன்வாஸ் பக்கெட்ல 20 லிட்டர் வெந்நீர மேல ஏத்திட்டு வெளிய நின்னு ரெடியான்னு கேக்கறாங்க, உங்கம்மா வெக்கப்பட்டு மொத நாள் குளிக்கவேயில்ல.

டென்ட்ல மூணு கட்டில் போட்டிருந்தாங்க. ராத்திரி குளிரு தாங்கல, நாங்க சாப்டுட்டு வர்றதுக்குள்ள போர்வைக்கடியில ரப்பர் பையில வெந்நீர் ஊத்தி வெச்சுடுவாங்க. மூணாவது கட்டில்லயும் வெச்சாங்க. மூணு நாளும். வேண்டாம்னு நானும் சொல்லல, அம்மாவும் சொல்லல. விடிஞ்சதும் அவ அந்தப் பைய கையில எடுத்துப் பாப்பா, சில்லுன்னு இருக்கும்.

ஒரு நாள் ஒத்த ஆண் யானை பாத்தம். 12, 15 வயசு ஆச்சுன்னா கூட்டத்த விட்டு வந்துரும்னு கைடு சொன்னாரு. அதுக்குப் பொண்டாட்டி புள்ள எல்லாம் கிடையாதான்னு அம்மா கேட்டா. அதுக்கப்பறம் ஜீப்ல யாரும் பேசல.

நேரத்துக்கு சாப்புடுறியா? உன் வீட்டு ஃப்ரிட்ஜ்ல வெறும் முட்டையும் சாஸ் பாட்டிலும்தான் இருந்துச்சு. பீரோல ஒரு பக்கம் வெறும் ஹேங்கரா தொங்குச்சு, அம்மா பாத்துட்டு சாத்திட்டா, என்கிட்ட சொல்லல, நானும் பாத்தேன்னு அவகிட்ட சொல்லல. அந்தப் புள்ள அம்மா வீட்டுக்குப் போயிருக்குன்னு நீ சொன்ன. சரி.

அப்பன் ஆத்தாளுக்கு இவ்வளவு செஞ்சவன் நம்ம தெருவுல யாரும் இல்ல, சம்பந்தி வீட்டத் தவுத்து எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. ஆனா நாங்க உன்கிட்ட கேட்டது சிங்கமாடா?

கடைசி நிமிஷத்துல மீட்டிங்னு மெசேஜ் போட்ட பாரு, அது எனக்குப் பழக்கமான வார்த்த. எங்க காலத்துல அதுக்குப் பேரு பிரேக்டவுன். 1994-ல குந்தாவுல இருந்து எட்டு மாசம் நான் வீட்டுக்கு வரல, மழை, மரம் விழுந்துருச்சு, லைன்ல வேலைன்னு இன்லேண்ட் லெட்டர் போடுவேன். ஒரு மரமும் விழல. உங்கம்மாவ ஒரு வார்த்த சொல்லிட்டேன், என்ன வார்த்தைன்னு இப்பவும் எழுத மாட்டேன், திரும்பி வந்து அவ மூஞ்சியில முழிக்க தைரியம் இல்ல. டூட்டி முடிஞ்சா குவார்ட்டர்ஸ்ல சும்மா படுத்துக் கெடப்பேன். ஒண்ணாந்தேதியானா மணியார்டர் மட்டும் கரெக்டா அனுப்பிட்டு நான் யோக்கியன்னு நெனச்சுக்குவேன். நீ ஒண்ணாவது சேந்த வருஷம். உங்கப்பா எங்கடான்னு டீச்சர் கேட்டா கரண்ட் குடுத்துட்டிருக்காருன்னு சொல்லுவியாம். உங்கம்மா இதச் சொல்லிச் சொல்லி சிரிப்பா. எனக்கு இன்னிவரைக்கும் சிரிப்பு வந்ததில்ல.

முறுக்க டென்ட்ல வெச்சா கொரங்கு வரும்னு அவங்க கிச்சன்ல வாங்கி வெச்சிருந்தாங்க. கெளம்பற அன்னிக்கு அம்மா பையோட அப்படியே, ராத்திரி எங்கள டார்ச் அடிச்சு டென்ட் வரைக்கும் கொண்டுவந்து விடுற மசாய் பையன்கிட்ட குடுத்துட்டா. உன் வயசுதான் இருக்கும்.

பொங்கலுக்கு லீவு கெடச்சா வா. தனியா வந்தாலும் வா. யாரும் எதுவும் கேக்க மாட்டம்னு சொல்ல முடியாது, உங்கம்மா கேப்பா. நான் கேக்க மாட்டேன்.

அப்பா