80 சதவீதம் எதில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த பசுமைக்குடில் கட்டுரையில், "80 சதவீதத் திறன் கொண்ட, ஒளி புகும் கரிமச் சூரியத் தகடு" என்று அச்சிட்டிருந்தீர்கள். அந்த வரியை நம்பிக் கடன் வாங்கத் துணியும் விவசாயிகள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

80 என்பது திறன் (வெயிலை மின்சாரமாக்கும் விகிதம்) அல்ல. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் யாங் யாங் என்பவரின் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில் வந்த எண் அது. சூரியக்கலத்துக்குள் எல்-குளூட்டதயோன் என்ற இயற்கைச் சேர்மத்தின் படலம் ஒன்றைச் சேர்த்ததால், 1000 மணி நேரம் ஒளியில் இயங்கிய பிறகும் ஆரம்பத் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியது. அந்த ஆரம்பத் திறனே 13.5 சதவீதம்தான். 1000 மணி நேரத்தையும் ஆயுள் என்று எழுதிவிட்டீர்கள். நாளுக்கு 5 மணி நேர முழு வெயில் என்று கணக்கிட்டால் அது 200 நாள். குடிலுக்குப் போடும் 200 மைக்ரான் பாலித்தீன் தாளே மூன்று ஆண்டு தாங்குகிறது!

"செடிக்கு இழப்பே இல்லை" என்றதும் சரியல்ல. 2021-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் சிவப்பு லெட்யூஸ் கீரையை 30 நாள் வளர்த்தது சூரியக்கலத்தின் கீழ் அல்ல. கலம் விழுங்கும் அலைநீளங்களைத் தடுக்கும் வடிகட்டிகளின் கீழ். விளைச்சல் குறையவில்லை என்பது உண்மை. ஆனால் லெட்யூஸ் குறைந்த ஒளியிலேயே தேறிவிடும். தக்காளி அப்படியல்ல, ஒளி குறைந்தால் காய்ப்பும் குறையும்.

தகட்டு விவரத்தில் தரும் ஒளி ஊடுருவல் சராசரி, மனிதக் கண்ணை வைத்துக் கணக்கிட்டது. நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் அலைநீளப் பச்சைதான் பளிச்சென்று தெரியும். பச்சையம் பெரிதும் பிடிப்பது நீலத்தையும் சிவப்பையும். கரிமச் சூரியக்கலத்தில் ஒளியை உறிஞ்ச இன்று பெயர் பெற்ற ஒய்6 என்ற மூலக்கூறு அகச்சிவப்போடு நிற்காமல் 600-க்கு மேற்பட்ட சிவப்பிலும் கை வைக்கிறது. பார்க்கத் தெளிவாக இருக்கும் கூரையின் கீழ் செடி பட்டினி கிடக்கலாம். செடி பயன்படுத்தும் 400 முதல் 700 நானோமீட்டர் வரை எத்தனை சதவீத ஒளி உள்ளே வருகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

களத்தில் வரும் சிக்கல் எதையும் கட்டுரை தொடவில்லை. ஈரமும் ஆக்சிஜனும் ஓரத்து ஒட்டு வழியாக நுழைந்தால் கரிமப் படலம் கெடும். ரோஜாவின் சாம்பல் நோய்க்குப் போடும் கந்தகம் உள்ளே கசிந்தால், பத்துப் பதினைந்து நானோமீட்டரே உள்ள வெள்ளி மின்முனை கறுக்கும். குடில் என்றாலே ஈரமும் கந்தகமும்தானே, ஐயா?

இது முதல் முறையும் அல்ல. சென்ற ஆண்டு கூரைச் சூரியமின் கட்டுரையில் "தினமும் 5 கிலோவாட் கிடைக்கும்" என்று வந்தது. தினமும் கிடைப்பது யூனிட். கிலோவாட் என்பது அமைப்பின் அளவு. அப்போது எழுதிய கடிதத்துக்கு ஒரு வரி பதில்கூட இல்லை. பங்குச் சந்தைப் பக்கத்தில் ஒரு புள்ளி பிசகினால் மறுநாளே திருத்தம் போடுகிறீர்கள். விவசாயப் பக்கத்து எண்களுக்கு அந்த மரியாதை கிடையாதா?

அடுத்த ஞாயிறு நான்கு வரித் திருத்தம் போடுங்கள். இனி இத்தகைய செய்தியில் திறன், 400–700 ஒளி ஊடுருவல், திறந்தவெளி ஆயுள் மூன்றையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
பசுமைக்குடில் அமைப்பாளர், ஓசூர்.