ரேடியேட்டரின் உலோகத்தைப் பெட்டியில் அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் கணினிக் கேள்வி பதில் பகுதியைத் தவறாமல் படிப்பவள் நான். சிறிய கணினிக் கேபினெட்டுக்குள், தண்ணீரைக் குழாய்களில் சுற்றவிட்டுச் சூட்டை வெளியேற்றும் தண்ணீர்க் குளிர்விப்பைத் தானே பொருத்திக்கொள்ளலாமா என்று தொண்டியிலிருந்து ஒரு மாணவர் சென்ற வாரம் கேட்டிருந்தார். கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம், குழாய்கள் வேர்த்து, கணினியின் முக்கிய மின்பலகையான மதர்போர்டில் நீர் சொட்டும், ஆகவே அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்று பதில் வந்திருந்தது. அந்தப் பதில் தவறு. இந்தக் கடற்கரையில் கணினியை உண்மையில் கொல்வது எது என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என்னை எழுத வைத்தது. கூடவே, தண்ணீரின் வெப்பத்தைக் காற்றில் இறக்கும் ரேடியேட்டர் எந்த உலோகம் என்று பெட்டியில் அச்சிட வேண்டும் என்ற கோரிக்கையும் எனக்கு உண்டு.

நான் மண்டபத்தில் திருமண வீடியோ தொகுக்கும் தொழில் செய்கிறேன். எங்கள் தெருவிலிருந்து வடக்கே நடந்தால் வடகடல், தெற்கே நடந்தால் தென்கடல். முகூர்த்தமானாலும் நிக்காஹ் ஆனாலும் தேவாலயத் திருமணமானாலும், காலையில் நடந்ததை மாலை வரவேற்பில் திரையில் காட்ட வேண்டும் என்று இப்போது எல்லா வீட்டாரும் கேட்கிறார்கள். அதனால் என் கணினி என்னோடு பஸ்ஸிலும் வேனிலும் வர வேண்டியிருக்கிறது. கேபினெட் சிறியதாக இருக்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டோ வலுவானதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வேண்டும் என்பதால்தான் தண்ணீர்க் குளிர்விப்புக்குப் போனேன். அழகுக்காகவும் விளக்கு வெளிச்சத்துக்காகவும் செய்கிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பிழைப்புக்கான ஏற்பாடு.

முதலில் வேர்ப்பதைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பொருளின் மேற்பரப்பு சுற்றியிருக்கும் காற்றைவிடப் போதிய அளவு குளிர்ந்திருந்தால்தான் அதில் நீர் கோக்கும். ஐஸ் போட்ட டம்ளர் வேர்ப்பது அதனால்தான். கணினிக்குள் சுற்றும் தண்ணீர் ஐஸ் தண்ணீர் அல்ல. பிராசசரிலும் கிராஃபிக்ஸ் கார்டிலும் வெப்பத்தை வாங்கி, ரேடியேட்டரில் அறைக் காற்றிடம் கொடுத்துவிட்டுத் திரும்பும் தண்ணீர் அது. அறை 35 டிகிரி இருந்தால், வேலை நடக்கும்போது அந்தத் தண்ணீர் 45 டிகிரியை ஒட்டி இருக்கும். ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. குழாய் எப்படி வேர்க்கும்? குளிர்பதன இயந்திரத்தைக் கணினியோடு இணைப்பவர்களுக்கு அந்தக் கவலை உண்டு. தொண்டி மாணவர் கேட்டது அதையல்ல.

நம் கடற்கரையில் கணினிக்கு எதிரி காற்றில் வரும் உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். சமையலறை உப்பு ஜாடியில் மழைக்காலத்தில் நாம் பார்ப்பது அதுதான். மின்விசிறிகள் உள்ளே இழுத்துப் போட்ட உப்புத்தூசி மதர்போர்டில் படிந்து, இரவில் கசிந்து, மின்சாரம் பாயும் ஈரமாகிவிடுகிறது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது போர்டு சூடாக இருப்பதால் ஈரம் தங்காது. அணைத்து வைத்த கணினிதான் சாகிறது. சுவிட்சை அணைத்தாலும் பிளக்கில் இருக்கும்வரை, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்கு 5 வோல்ட் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். உப்பு ஈரமும் அந்த 5 வோல்ட்டும் சேர்ந்தால் மெல்லிய செம்புத் தடங்கள் பச்சை பூத்து அறுந்துபோகும். எங்கள் தொழிலில் மார்கழியில் முகூர்த்தங்கள் இல்லை. வாடைக்காற்று அடிக்கும் மாதமும் அதுவே. தை பிறந்து முதல் முகூர்த்தத்துக்குக் கணினியைப் போட்டால் உயிர் வராத கதையை இந்த வட்டாரத்தில் வீடியோ தொழில் செய்யும் யாரிடமும் கேட்கலாம். மார்கழியில் நான் தினமும் கணினியைச் சிறிது நேரம் ஓட விடுகிறேன். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன்.

தண்ணீர்க் குளிர்விப்பு உதவுவது இந்த இடத்தில்தான். சாதாரண ஏற்பாட்டில் மூன்று நான்கு விசிறிகள் கடற்காற்றை இழுத்து போர்டின் மேலேயே ஊதுகின்றன. தண்ணீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில், ரேடியேட்டரில், இறக்கிவிடுகிறது. என் கேபினெட்டில் 240 மி.மீ. ரேடியேட்டர் மேல்தட்டில் இருக்கிறது. அதற்குக் கீழே விசிறிகள். விசிறிகளுக்குக் கீழே இரண்டரை செ.மீ. இடைவெளி விட்டு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைத் தடுப்பாக வைத்திருக்கிறேன். பக்கவாட்டுத் துளைகள் வழியாக வரும் காற்று ரேடியேட்டரைக் கடந்து மேலே போய்விடுகிறது; போர்டு இருக்கும் அறைக்குள் இறங்குவதில்லை. போர்டு அறையை முற்றிலும் அடைத்துவிடவும் கூடாது. நினைவகம், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, பிராசசரைச் சுற்றியிருக்கும் மின்பகுதிகள் எல்லாம் தண்ணீர் தொடாத இடங்கள். அவற்றுக்கும் கொஞ்சம் காற்று வேண்டும். வடிகட்டித் துணி போட்ட ஒரே ஒரு விசிறி அங்கே மெதுவாகச் சுற்றுகிறது. துணியை மட்டும் அடிக்கடி அலசிக் காய வைக்கிறேன்.

இடம் போதுமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மினி ஐடிஎக்ஸ் எனப்படும் சிறிய வகை மதர்போர்டு 17 செ.மீ. சதுரம்தான். சிறிய கேபினெட்டில் இடத்தை விழுங்குவது கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் இருக்கும் குளிர்விப்பான். மூன்று ஸ்லாட், அதாவது மூன்று கார்டுகள் செருகும் இடத்தின் அளவுக்குத் தடித்திருக்கும். அதைக் கழற்றிவிட்டு, உள்ளே தண்ணீர் ஓடி வெப்பத்தை வாங்கும் உலோகக் கட்டியான தண்ணீர் பிளாக்கைப் பூட்டினால் கார்டு பெரும்பாலும் ஒரு ஸ்லாட்டுக்கு இளைத்துவிடும். அப்படி மிச்சப்பட்ட இடத்தில்தான் பம்பும் தண்ணீர்த் தொட்டியும் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் கழற்றினால் உத்தரவாதம் போய்விடுமா என்று விற்றவரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அளவெடுக்கும்போது ரேடியேட்டரின் தடிமனை மட்டும் பார்த்தால் போதாது. ரேடியேட்டர் 3 செ.மீ., விசிறி 2.5 செ.மீ., அதற்குமேல் குழாய் மாட்டும் ஃபிட்டிங் தனியாக இடம் கேட்கும். குழாய் வளைவதற்கும் இடம் வேண்டும். சுவர் மெலிந்த குழாயைச் சிறிய கேபினெட்டில் வளைத்தால் நெளிந்து அடைத்துக்கொள்ளும். உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ. உள்ள தடித்த குழாய் நெளியாது. ஆனால் அந்தத் தடிப்புக்கே இடம் ஒதுக்க வேண்டும். நான் அட்டையை வெட்டி, ஒவ்வொரு பாகத்தின் அளவிலும் ஒரு பொம்மை செய்து உள்ளே வைத்துப் பார்த்த பிறகே பணம் அனுப்பினேன். மாட்டும் வரிசையும் முக்கியம். ரேடியேட்டரின் ஃபிட்டிங்குகளை வெளியிலேயே முறுக்கிவிட்டுத்தான் உள்ளே ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு விரல் நுழையாது. தண்ணீரை வடிக்க ஒரு வால்வு மிகக் கீழான இடத்தில் இருக்கட்டும். தொட்டி பம்புக்கு மேலே இருக்கட்டும். தண்ணீர் இல்லாமல் பம்ப் ஒரு கணமும் ஓடக் கூடாது. கசிவு சோதிக்கும்போது போர்டுக்கும் கார்டுக்கும் போகும் மின் இணைப்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் பிளக்கில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் இணைத்துவிட்டால் பம்ப் மட்டும் ஓடும், போர்டுக்கு மின்சாரம் போகாது. ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே ஒரு டிஷ்யூ காகிதம் வைத்து ஒரு நாள் முழுக்க ஓட விட வேண்டும். காகிதத்தில் ஊசிமுனை அளவு ஈரம் பட்டாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஊர்க் கிணற்று நீரை யாரும் ஊற்றப் போவதில்லை. ஆனால் கேன் தண்ணீர் சுத்தமானதுதானே என்று ஊற்றுகிறார்கள். அதில் தாதுக்கள் கரைந்திருக்கின்றன. காய்ச்சி வடித்த நீரில் அரிப்புத் தடுப்பானும் பாசிக்கொல்லியும் சேர்த்தோ, இதற்கென்று கலந்து விற்கும் திரவத்தையோதான் பயன்படுத்த வேண்டும்.

இனி நான் எழுத வந்த விஷயம். பிராசசர் மீதும் கார்டு மீதும் உட்காரும் பிளாக்குகள் செம்பு, அல்லது நிக்கல் முலாம் பூசிய செம்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையுமாக இருந்தால் தொல்லை இல்லை. அலுமினிய ரேடியேட்டரை அதே தண்ணீரில் சேர்த்தால் அங்கே ஒரு பாட்டரி உருவாகிவிடுகிறது. இரண்டில் அலுமினியம் விட்டுக்கொடுத்துக் கரைகிறது. ராமநாதபுரத்தில் என் தொழிலே செய்யும் தோழி ஒருவரின் கணினி சூடேறி நின்றுபோக, பிளாக்கைத் திறந்து பார்த்தோம். முடி அளவு மெல்லிய செம்பு வரிகளுக்கு இடையே வெள்ளைக் களிம்பு அப்பியிருந்தது. நகத்தால் வழித்தால் மாவுபோல் வந்தது. அவர் வாங்கிய ரேடியேட்டர் அலுமினியம். பெட்டியில் எங்கும் அப்படிப் போடவில்லை.

தொழிற்சாலையிலேயே அடைத்து வரும் குளிர்விப்பான்களிலும் பெரும்பாலும் அலுமினிய ரேடியேட்டரும் செம்புத் தகடும்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மை. அவற்றில் தடுப்பான் கலந்த திரவத்தை அளந்து அடைத்துத் தருகிறார்கள். நாம் திறந்து நிரப்புவதில்லை. கையால் செய்த ஏற்பாட்டில், குறைந்தபோதெல்லாம் பாட்டரித் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தடுப்பானை நீர்க்கச் செய்துவிடுகிறோம்.

கடற்கரைக்காரர்களுக்கு இது புதிய பாடமே அல்ல. என் தாய்மாமா விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றியதும் அவர் முதலில் பார்ப்பது துத்தநாகக் கட்டிகளை. இன்ஜினின் வெப்பப் பரிமாற்றியில் துத்தநாகக் குச்சி. அடியில் புரொப்பல்லர் அருகே துத்தநாகக் கட்டி. கடல்நீர் முதலில் அதைத் தின்னட்டும், மற்ற உலோகத்தை விடட்டும் என்பதற்காக. வீட்டு ஏசியின் வெளி யூனிட்டைப் பார்த்தாலும் தெரியும்: செம்புக் குழாயில் கோத்த அலுமினியத் தகடுகள் நம் ஊர்க் காற்றில் பொடிந்து உதிர்கின்றன. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் சிறப்புப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். பாலத்துக்குத் தரும் கவனத்தில் நூறில் ஒரு பங்கு நாங்கள் காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கும் கிடைக்கக் கூடாதா?

சென்ற ஆண்டு இணையத்தில் ஓர் விற்பனையாளரிடம் ரேடியேட்டர் வாங்கினேன். எல்லாப் பிளாக்குகளுக்கும் பொருந்தும் என்றுதான் போட்டிருந்தார்கள். கையில் எடுத்ததும் எடை இல்லை. கறுப்பு வண்ணம் பூசியிருப்பதால் பார்த்தால் தெரியாது. காந்தமும் உதவாது, செம்பு, பித்தளை, அலுமினியம் மூன்றிலுமே ஒட்டாது. எடைதான் காட்டிக்கொடுக்கும், செம்பு அலுமினியத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கனம். ஓரத்தில் கத்தி முனையால் வண்ணத்தைச் சுரண்டினேன். பித்தளையின் மஞ்சள் தெரியவில்லை, வெள்ளையாக மின்னியது. என்ன உலோகம் என்று எழுதிக் கேட்டேன். நல்ல உலோகம்தான், கவலை வேண்டாம் என்று பதில் வந்தது. திருப்பி அனுப்பிய கூரியர் செலவை நான்தான் ஏற்றேன்.

ஊறுகாய்ப் பாட்டிலில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். பல ஆயிரம் ரூபாய் கணினியை அரித்துவிடக்கூடிய பாகத்தில் அது எந்த உலோகம் என்று ஒரு சொல் போடுவதற்கு என்ன தடை? ரேடியேட்டரின் முனைத் தொட்டி பித்தளை, தகடு செம்பு. அல்லது முழுவதும் அலுமினியம், செம்புடன் சேர்க்காதீர்கள். இவ்வளவு போதும். விற்பவர்கள் தாமாகச் செய்யாவிட்டால் நுகர்வோர் துறை செய்ய வைக்க வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து அவை எப்படி அரிகின்றன என்று ஆராயும் அதன் களம் எங்கள் மண்டபம் முகாமிலேயே இருக்கிறது. அங்குள்ள அறிவியலாளர் ஒருவரிடம், கடலோர வீடுகளில் மின்னணுப் பொருள்களைக் காப்பது பற்றி ஒரு கட்டுரை கேட்டு வாங்கி, அதே ஞாயிறு இணைப்பில் வெளியிடுங்கள். அதற்கு முன்பாகத் தொண்டி மாணவருக்குத் தந்த பதிலைத் திருத்தி, அடுத்த வாரமே போட்டுவிடுங்கள். அவர் பாகங்களுக்குப் பணம் கட்டிவிடுவதற்குள் அது அவர் கண்ணில் பட வேண்டும்.

இப்படிக்கு,
வீடியோ தொகுப்பாளர் ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.